கடிகாரம் யாருக்காக ஓடுகிறது?

அமெரிக்கக் கால்பந்தில் முதல் பாதி முடிய 1 நிமிடம் 50 நொடி. பந்து நம் அணியிடம், நம் பக்கத்து 20 யார்டு கோட்டில், அதாவது நம் கோல் கோட்டிலிருந்து 20 யார்டு தள்ளி. பத்து யார்டு முன்னேறக் கிடைப்பது நான்கு முயற்சி (டவுன்). பயிற்சியாளர் எறியச் சொல்லாமல் முதல் மூன்று முறையும் நடுவே முட்டி ஓடவிடுகிறார். 'பயந்தாங்கொள்ளி' என்று ரசிகர்களில் பாதிப் பேர் கத்துவார்கள். 'இருப்பதைக் காப்பாற்றினாரே' என்பார்கள் மீதிப் பேர். இரு தரப்பும் பார்க்க மறப்பது ஒன்றை: எதிரணியிடம் எத்தனை டைம் அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு) மிச்சம்?

அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். விதிப்படி, ஓடுபவரை மைதானத்துக்குள்ளேயே மடக்கினால் கடிகாரம் நிற்காது. அடுத்த ஆட்டத்தை, அதாவது அடுத்த முயற்சியை, தொடங்க 40 நொடி அவகாசம் உண்டு. எறிந்த பந்து பிடிபடாமல் போனால் நிற்கும். கடைசி 2 நிமிடத்தில் பந்தோடு பக்கக் கோட்டைத் தாண்டினாலும் நிற்கும். ஒரு பாதிக்கு 3 டைம் அவுட். மிஞ்சியதை அடுத்த பாதிக்குச் சேர்த்துவைக்க முடியாது.

எதிரணியிடம் டைம் அவுட் ஒன்றும் இல்லையென்றால், ஓர் ஓட்டத்துக்கு 5 நொடி, பிறகு சும்மா நிற்பதற்கு 39 நொடி, ஆக 44 கரையும். இரண்டு ஓட்டத்தில் 88 போய்விடும். மூன்றாவது முடியும்போது மிச்சம் 17 நொடிதான்; அதையும் நின்றே கழிக்கலாம். பந்தை எதிரணிக்குத் தொலைவாக உதைத்துக் கொடுக்கும் 'பன்ட்' வேலைகூட இல்லை.

அதே 3 டைம் அவுட்டும் அவர்களிடம் இருந்தால் கதை தலைகீழ். மூன்று ஓட்டமும் சேர்ந்து 15 நொடிதான் தின்னும். 1:35-ல் பன்ட்; அதற்கு 10 நொடி. உதை நிகரமாக 40 யார்டு போனால், எதிரணி தன் 40-ல், 85 நொடியோடு தொடங்கும். இன்னும் 25 யார்டு வந்தால் நம் 35. அங்கிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது) என்றால், கோல் கோட்டுக்குப் பின்னுள்ள எல்லைப் பகுதியின் 10 யார்டும் பின்னால் உதைக்கும் 7, 8 யார்டும் சேர்த்து 52, 53 யார்டு. இன்றைய உதைப்பவர்களுக்கு எட்டாத தூரமல்ல. 'பத்திரமான' மூன்று ஓட்டம் எதிரிக்கே பந்தைத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டது.

நேரத்தைக் கரைப்பது மட்டுமே நோக்கம் என்றால் ஓடவே தேவையில்லை. பந்தை வாங்கி எறியும் குவார்ட்டர்பேக் பந்தோடு மண்டியிட்டால் போதும், கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். 1978 நவம்பர் 19 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் 17-12 என முன்னிலையில் இருந்தது. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் டைம் அவுட் இல்லை. ஆனாலும் ஜோ பிசார்சிக் பந்தை லாரி சோங்காவிடம் கைமாற்றப் போனார், அது நழுவியது. ஹெர்மன் எட்வர்ட்ஸ் அதை எடுத்து 26 யார்டு ஓடி எல்லைப் பகுதிக்குள் கொண்டுபோய் டச் டவுன் அடித்தார். ஈகிள்ஸ் 19-17 என வென்றது. மண்டியிடுவது எல்லா அணிகளுக்கும் வழக்கமானது அதற்குப் பிறகுதான்.

எறிவது எப்போதும் சரியா? பந்து எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சின்சினாட்டி பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் விர்ஜில் கார்ட்டரும் ராபர்ட் மேக்கோலும் 1971-ல் வெளியிட்ட ஆய்வில், தன் 5 யார்டு கோட்டருகே பந்து வைத்திருக்கும் அணியின் எதிர்பார்ப்புப் புள்ளி சுழியத்துக்கும் கீழே வந்தது. பந்து கையில் இருந்தும் அடுத்துப் புள்ளி எடுக்கும் வாய்ப்பு எதிரணிக்கே அதிகம் என்று பொருள். அங்கே அடக்கி வாசிப்பது கோழைத்தனமல்ல. நம் 30, 35-லிருந்து அதையே செய்தால்தான் கேள்வி.

நம்மிடம் டைம் அவுட் இருந்தால் நடுவில் எறியலாம். இல்லையென்றால் பக்கக் கோட்டோரம். பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தினால் ஒரு டவுன் போய்விடும்; அதற்குப் பிறகு இன்னோர் ஆட்டம் ஆட வேண்டுமானால் அடிக்கும்போது குறைந்தது 3 நொடி இருக்க வேண்டும். ஃபீல்டு கோல் எல்லைக்குள் வந்தபின் பெரிய ஆபத்து சாக். குவார்ட்டர்பேக் பந்தோடு மடக்கப்பட்டால் 7, 8 யார்டு பின்னே போகும், கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். உதை தவறினாலும், உதைத்த இடத்திலேயே பந்து எதிரணிக்குப் போகும்.

என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பௌலில், 2002-ல், நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 17-17 என்ற நிலையில், தன் 17 யார்டு கோட்டில், 1:21 மீதமிருக்க, டைம் அவுட் இல்லாமல் நின்றது. வர்ணனையில் ஜான் மேடன் கூடுதல் நேரத்துக்குப் போவதே மேல் என்றார். டாம் பிரேடி சின்னச் சின்ன எறிதல்களாக நகர்த்தி, 7 நொடி இருக்கும்போது பந்தைத் தரையில் அடித்தார். ஆடம் வினாட்டியெரியின் 48 யார்டு உதையில் ஆட்டம் முடிந்தது. பதில் சொல்ல எதிரணிக்கு நேரமே இல்லை.

புள்ளி எடுத்தபின் மிச்சம் வைக்கும் நொடியும் கணக்கில் வரும். 2022 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் 36-33 என முந்தியபோது 13 நொடி இருந்தது. கேன்சஸ் சிட்டி சீஃப்ஸிடம் 3 டைம் அவுட்டும் இருந்தன. திருப்பி ஓட வழியில்லாமல் உதை ஆழமாகப் போனதால் ஒரு நொடிகூடக் கரையவில்லை. 25-லிருந்து 19 யார்டு, அடுத்து 25 யார்டு. இரண்டு ஆட்டத்துக்கும் சேர்த்து 10 நொடி. மிச்சமிருந்த 3 நொடியில் 49 யார்டு ஃபீல்டு கோல், ஆட்டம் சமன்.