மாத்திரைப் பெயரில் முதல் மூன்று எழுத்தை நம்பாதீர்கள்

“மெட்னு ஆரம்பிக்குமே, அந்த மாத்திரையில ஒரு அட்டை குடுங்க.” மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன வாக்கியம். கேட்பவர் பெரும்பாலும் சர்க்கரை மாத்திரையைத்தான் மனதில் வைத்திருப்பார். ஆனால் ஆங்கிலத்தில் எம், ஈ, டி என்று தொடங்கி, எந்த மருந்துக்கடை அலமாரியிலும் இருக்கக்கூடிய மாத்திரைகள் குறைந்தது நான்கு உண்டு. நான்கும் நான்கு வியாதிக்கானவை.

மெட்ஃபார்மின் சர்க்கரைக்கு. மெட்ரோனிடசோல் அமீபா வயிற்றுப்போக்கு, பல் ஈறில் சீழ் போன்றவற்றுக்குக் கொடுக்கும் கிருமிக்கொல்லி. மெட்டோப்ரோலால் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும். அதைத் திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி வரைக்கும் போகலாம். நான்காவது மெத்தோட்ரெக்சேட். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் மெத்தோட்ரெக்சேட் கொடுப்பார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடும். வாயெல்லாம் புண், காய்ச்சல், ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிவது என்று போய் உயிரே போனதும் உலகம் முழுக்க நடந்திருக்கிறது. இதோடு சேர்த்து ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதுவார்கள். இரண்டும் மஞ்சளாகச் சிறிதாக இருப்பதும் உண்டு. வாரத்துக்கு ஒன்றையும் அடிக்கடி போடுவதையும் மாற்றிப் போட்டுக்கொள்ள இதுவே போதும். அதனால் இந்த மாத்திரை உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், எந்தக் கிழமை என்று டாக்டரிடம் கேட்டு “திங்கள் மட்டும்” என்பது போல கவரின் மேல் தமிழில் பெரிதாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாயில் புண் வந்தால் சாதாரணச் சூடு என்று விட்டுவிடாமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஏன் இப்படி ஒரே மாதிரிப் பெயர் வைக்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். மருந்துகளின் பொதுப்பெயரை, அதாவது கம்பெனி வைக்கும் பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, உலக சுகாதார நிறுவனம் 1950களிலிருந்து முறைப்படுத்தி வருகிறது. அந்த முறையில் மருந்தின் குடும்பத்தைப் பெரும்பாலும் பெயரின் வால்தான் சொல்லும். மெட்டோப்ரோலாலின் சொந்தக்காரர்கள் அட்டெனோலால், ப்ரோப்ரனோலால். மெட்ரோனிடசோலின் சொந்தக்காரர்கள் டினிடசோல், ஓர்னிடசோல். தலைப்பகுதி ஒன்றாக இருப்பது பெரும்பாலும் தற்செயல். விதிவிலக்கும் உண்டு. செஃபிக்சிம், செஃப்யூராக்சிம், செஃப்போடாக்சிம் மூன்றும் உண்மையிலேயே ஒரே குடும்பம். ஒன்றுக்கு உடம்பில் தடிப்பு வந்திருந்தால், மற்றதை வாங்கும்போதும் அதைச் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு ஜோடி கார்பிமசோலும் கார்பமசெப்பினும். முதலாவது தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு, இரண்டாவது வலிப்புக்கு. வலிப்பு மாத்திரை நான்கு நாள் மாறிப்போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. தைராய்டு என்றதும் நோயின் பெயரிலேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது. “ஹைப்போ” என்றால் சுரப்பு குறைவு, தைராக்சின் கொடுப்பார்கள். “ஹைப்பர்” என்றால் அதிகம், அதைக் குறைக்கத்தான் கார்பிமசோல். நேர் எதிரான இரண்டு வைத்தியம். “ஹைப்... ஏதோ சொன்னாங்க” என்று புது டாக்டரிடம் சொல்வதைவிட, பழைய ரத்தப் பரிசோதனைத் தாளையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தவறு நடக்கும் இடம் எனக்கு நன்றாகத் தெரியும். கடைக் கம்ப்யூட்டரில் மூன்று எழுத்து தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் மருந்தெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கூட்ட நேரத்தில் விரல் ஒரு வரி கீழே இறங்கினால் போதும், வேறு மருந்து பில்லில் ஏறிவிடும். அப்புறம் வெட்டிய அட்டை. பத்து மாத்திரை அட்டையில் நான்கைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, பெயரின் பாதி ஒரு துண்டிலும் மீதி இன்னொரு துண்டிலும் போய்விடும். காலாவதித் தேதி யாருக்குப் போயிற்று என்றே தெரியாது. வீட்டில் டப்பாவுக்குள் கிடக்கும் அந்தத் துண்டில் “மெட்” என்று மட்டும் மிஞ்சியிருந்தால், பாட்டிக்கு எதை எடுத்துக் கொடுப்பீர்கள்?

இந்தக் குழப்பம் நம் ஊரில் மட்டும் இல்லை. அமெரிக்காவில் லோசெக் என்ற அல்சர் மாத்திரை, லாசிக்ஸ் என்ற நீர் பிரியும் மாத்திரையோடு குழம்பியதால் 1990ல் அதன் பெயரையே ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள். 2016ல் ப்ரின்டெலிக்ஸ் என்ற மனச்சோர்வு மருந்து, ப்ரிலின்டா என்ற ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தோடு குழம்பியதால் ட்ரின்டெலிக்ஸ் ஆனது. பொதுப்பெயர்களை அப்படி எளிதில் மாற்ற முடியாது. அதனால் பல நாட்டு மருத்துவமனைகளில், பெயருக்குள் வேறுபடும் எழுத்துகளை மட்டும் கேப்பிடலில் அச்சிடுகிறார்கள். நம் நாட்டிலும் டாக்டர்கள் பொதுப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் கேப்பிடல் எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016ல் மருத்துவக் கவுன்சில் விதி திருத்தியது. சீட்டு புரியவில்லை என்றால் டாக்டரிடமே திருப்பிக் கேட்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

நீங்கள் கடையில் செய்ய வேண்டியது அரை நிமிட வேலை. சீட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பெயரைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். பிறகு மில்லிகிராம் எண்ணைப் பாருங்கள். மெட்ஃபார்மின் பெரும்பாலும் 500 அல்லது 1000, மெட்ரோனிடசோல் 200 அல்லது 400, மெட்டோப்ரோலால் 25 அல்லது 50, மெத்தோட்ரெக்சேட் 2.5, 7.5, 10 என்று வரும். பெயரில் கண் ஏமாந்தாலும் எண்ணில் பிடிபட்டுவிடும். “இது எதுக்குங்க?” என்றும் கேளுங்கள். உங்களுக்குச் சர்க்கரை, அவர் சொல்வது வாதம் என்றால் அங்கேயே தெரிந்துவிடும். போனில் ஆர்டர் சொல்வதாக இருந்தால் வாயால் சொல்லாதீர்கள், சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அட்டையை வெட்டித்தான் வாங்க வேண்டும் என்றால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கவரில் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

தவறான மாத்திரை உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். எத்தனை போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று குறித்துக்கொண்டு, அதே அட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க மத்திய அரசின் மருந்துப் பாதுகாப்புத் திட்டத்துக்கு 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. பொதுமக்களும் அதில் கூப்பிட்டுச் சொல்லலாம்.