படத்தைப் பார்த்துப் பாடு: அஸ்டெக் வகுப்பறை

"அகரவரிசை எழுத்தே இல்லாத அஸ்டெக்குகள் பள்ளிக்கூடத்தில் எதைப் படித்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

1521-இல் ஸ்பானியரிடம் வீழும்வரை, அஸ்டெக்குகளின் தலைநகரான டெனோச்டிட்லானில் (இன்றைய மெக்சிகோ நகரம்) சாதாரண வீட்டுப் பையன்கள் டெல்போச்கல்லி என்ற பள்ளியில் போர்ப்பயிற்சி பெற்றார்கள். பிரபுக்களின் பிள்ளைகளும் பூசாரியாகப் போகிறவர்களும் கல்மெகாக் என்ற பள்ளியில் சேர்ந்தார்கள். குயிகாகல்லி என்ற பாட்டுப்பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது. ஸ்பெயினில் 1218-இலேயே சலமான்கா பல்கலைக்கழகம் வந்துவிட்டது, லத்தீன் இலக்கணப் பள்ளிகளும் இருந்தன. ஆனால் உழவன் மகன் பெரும்பாலும் அந்தப் பக்கம் போனதில்லை. மகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். எனக்கு அலுக்காத இடம் இது. கல்மெகாக்கின் புத்தகம் அத்திமரப் பட்டைத் தாளிலோ தோலிலோ செய்த நீளமான மடிப்பு ஏடு. அதில் வாக்கியமே கிடையாது. புள்ளி என்றால் 1, கொடி 20, இறகு போன்ற குறி 400, பை 8,000. ஆண்டுக்கு ஒரு குறி, ஊருக்கு ஒரு குறி (ஊர்ப் பெயர்களில் ஒலிக்குறிப்பும் கலந்திருக்கும்). எரிகிற கோயிலை வரைந்திருந்தால் அந்த ஊர் தோற்றுவிட்டது. யார் போனார்கள், ஏன் சண்டை, அரசன் என்ன பேசினான்? அதெல்லாம் மாணவன் வாயிலிருந்து வரவேண்டும்.

ஆக, ஒவ்வொரு முறை ஏட்டை விரிப்பதும் ஒரு சின்னப் பரீட்சை. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, நினைவிலிருந்து தோண்டி எடுக்க முயல்வதுதான் பாடத்தை ஆழமாகப் பதிக்கிறது என்று இன்றைய உளவியல் சோதனைகள் காட்டுகின்றன. இன்னொரு காப்பும் உண்டு. அவர்களுடைய செய்யுள் ஒரே செய்தியை வேறு சொற்களில் இரண்டு முறை சொல்லும். ஒரு பாதி மறந்தால் மறுபாதி இழுத்துவரும். கூடவே மேளம். ஒரு சொல்லை விழுங்கினால் தாளம் இடறும், பக்கத்தில் பாடுகிறவனுக்கே தெரிந்துவிடும். வரிசையையும் கணக்கையும் படம் காத்தது, சொல்லைப் பாட்டு காத்தது. ஸ்பானிய மாணவனும் லத்தீன் இலக்கணத்தை உருப்போட்டவன்தான். ஆனால் மறந்தால் திருத்த முழுவாசகமும் அச்சில் இருந்தது. இங்கே பாடுகிறவன் செத்தால் ஏடு பாதி ஊமை.

பிறகு ஏடுகளும் எரிந்தன. பிசாசின் வேலை என்றார்கள் ஸ்பானியப் பாதிரிமார். அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. அதற்கு நூறு ஆண்டு முன்பே இட்ஸ்கோவாட்ல் என்ற அஸ்டெக் அரசனே பழைய வரலாற்று ஏடுகளைக் கொளுத்தியதாக அம்மக்களே சொல்லியிருக்கிறார்கள்.

1536-இல், டெனோச்டிட்லானை ஒட்டியிருந்த ட்லாடெலோல்கோவில் பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் உள்ளூர்ப் பிரபுக்களின் பையன்களுக்கு ஒரு கல்லூரி திறந்தார்கள். பையன்கள் லத்தீனை வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள். இது ஆபத்து என்று சில ஸ்பானியர் முனகினார்கள், அப்புறம் பணவரவும் சுருங்கியது. ஆராய்ச்சிக்குக் காசு கேட்டு அலையும் யாருக்கும் இந்தக் கதை புதிதல்ல. 1552-இல் வைத்தியர் மார்ட்டின் தெ லா குரூஸ் அஸ்டெக்குகளின் மொழியான நாவாட்லில் சொன்ன மூலிகை மருத்துவத்தை, அக்கல்லூரியின் யுவான் பதியானோ லத்தீனில் பெயர்த்தார். வண்ணப் படங்களோடு அது ஸ்பெயின் அரசருக்குப் போனது. கல்லூரிக்கு உதவி தேடும் முயற்சியும் அதில் இருந்தது என்பது ஆய்வாளர் கருத்து. வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலம் இருந்த அந்த நூல் 1990-இல்தான் மெக்சிகோவுக்குத் திரும்பியது.