அப்சர்வேட்டரி – வான்நோக்ககம்

தொலைநோக்கியை நிலையாக நிறுத்தி இரவு வானத்தைப் பார்ப்பதற்கென்று அமைத்த இடம் அப்சர்வேட்டரி. லத்தீனில் 'அப்சர்வாரே' என்றால் கண்வைத்துக் கவனித்தல். அந்த வினை 17ஆம் நூற்றாண்டில் கட்டடத்துக்குப் பெயராயிற்று. 1667இல் பாரிஸிலும் 1675இல் கிரீன்விச்சிலும் அரச ஆதரவோடு நிறுவப்பட்டவை அந்தப் பெயரை ஊன்றச் செய்தன.

சென்னையில் இதைத் தொடங்கியது அரசு அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் தம் வீட்டிலேயே சொந்தமாக ஒன்றை அமைத்தார். பிறகு கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, 1792இல் நுங்கம்பாக்கத்தில் தனிக் கட்டடம் எழுப்பியது. அங்கிருந்துதான் 1861இல் நார்மன் போக்சன் 'ஆசியா' என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். 1899இல் விண்மீன் வேலை கொடைக்கானலுக்குப் போய்விட்டது. மழையையும் வெயிலையும் அளக்கும் வேலை நுங்கம்பாக்கத்திலேயே தங்கிவிட்டது. இன்று புயல் வந்தால் நாம் செய்தி கேட்கும் வானிலை ஆய்வு மையம் அந்த வளாகத்தில்தான் இருக்கிறது. பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் எழுத்துகளோடு அங்கே நிற்கிறது.

தமிழ்ப் பெயரில் வரும் குழப்பத்துக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. 'வானாய்வகம்' என்றால் பலர் மழை அறிவிக்கும் அலுவலகம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 'கோளரங்கம்' முற்றிலும் வேறு: அங்கே கூரையில் ஒளிப்படமாகக் காட்டப்படுவது செயற்கை வானம், நண்பகலிலும் பார்க்கலாம். இலங்கைத் தமிழில் 'அவதானித்தல்' அன்றாடச் சொல்லாதலால் 'அவதான நிலையம்' அங்கே இயல்பாகப் பொருந்தும். தமிழ்நாட்டில் அது சற்று அந்நியமாக ஒலிக்கும்.

என் தேர்வு 'வான்நோக்ககம்'. காரணம் எளிது. தனியார் நடத்தும் சிறிய கூடத்துக்கு டிக்கெட் வாங்கிப் போகிறவர் ஆய்வு செய்யப் போவதில்லை, நோக்கப் போகிறார். வழிகாட்டி முதலில் கைபேசிகளை அணைக்கச் சொல்வார். கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் வேண்டும். சிவப்பு விளக்கு மட்டும் எரியும், ஏனெனில் மங்கிய சிவப்பு ஒளி அந்தப் பழக்கத்தை அவ்வளவாகக் கெடுக்காது. சனியின் வளையம், வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் ஆகியவை சிறிய தொலைநோக்கியிலேயே தெரியும். மங்கலான ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளை (கேலக்ஸி) நேராகப் பார்க்காமல் சற்றே ஓரக்கண்ணால் பார்த்தால் நன்றாகத் துலங்கும். முழுநிலா நாளில் மட்டும் முன்பதிவு செய்யாதீர்கள். நிலா வெளிச்சத்தில் மற்றவை மறைந்துபோகும். இந்த நிகழ்ச்சியை 'வான்நோக்கு' என்றே சொல்லலாம். 'நட்சத்திரச் சுற்றுலா' என்று விளம்பரம் செய்தால் நடிகர்களைப் பார்க்கப் போவதாக நினைப்பவர்களும் உண்டு!

புணர்ச்சி விதிப்படி 'வானோக்ககம்' என்பதே சரி. 'வானோக்கி வாழும் உலகெல்லாம்' என்று குறளே (542) சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் அங்கே வான் என்பது மழை. வள்ளுவர் சொல்வதும் நுங்கம்பாக்கத்து வானம்தான். படிப்பவர் தடுமாறாமலிருக்க 'வான்நோக்ககம்' என்று பிரித்தே எழுதலாம்.