கங்கையில் பேஜ் இருக்கிறது, கூவத்திலும் இருக்கும்

"கங்கைத் தண்ணீரில் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் இருக்கிறதாமே, அப்படியென்றால் நதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும்தானே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

வைரஸ் இருப்பது உண்மைதான். பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக பேஜ். 1896இல் ஆக்ராவிலிருந்த எர்னஸ்ட் ஹாங்கின் என்ற பாக்டீரியா ஆய்வாளர், கங்கை, யமுனைத் தண்ணீரில் காலராக் கிருமி சீக்கிரமே செத்துப்போவதாக எழுதினார். காரணம் பேஜ்தானா என்பதில் இன்றும் எல்லோருக்கும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமிக்கு பேஜ் தேடுபவர்கள் பெரும்பாலும் போவது சாக்கடைக்கு. நம் குடலிலிருந்து வரும் பாக்டீரியா, அப்புறம் குழாய்க்குள்ளேயே குடியிருக்கும் ஆர்கோபாக்டர், அசினெட்டோபாக்டர் என்று இரை அங்கே கொட்டிக் கிடக்கிறது. இரை இருக்கும் இடத்தில்தானே பேஜ் பெருகும்?

டி4 என்ற பேஜ், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா மேல் உட்கார்ந்து வாலைச் சுருக்கி டிஎன்ஏவை உள்ளே இறக்குவது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. எனக்குப் பிடித்தது அது வெளியே வரும் கட்டம். உள்ளே புதிய பேஜ்கள் தயாராகும்போதே ஹோலின் என்ற புரதம் உள்சவ்வில் சேர்ந்துகொண்டே போகும், ஒன்றும் செய்யாது. 37 டிகிரி வெப்பத்தில் சுமார் 25, 30 நிமிடம் ஆனதும் எல்லாம் திடீரென ஒன்றுகூடிச் சவ்வில் ஓட்டை போட, அதுவரை அடைபட்டிருந்த நொதி அதன் வழியே போய் செல்சுவரை அறுக்க, பாக்டீரியா வெடித்து நூறு இருநூறு பேஜ்கள் வெளியே வரும். ஆனால் அதற்குள் இன்னொரு டி4 அதே பாக்டீரியாமேல் வந்து தைத்தால், ஆர்ஐ என்ற புரதம் ஹோலினைப் பிடித்து நிறுத்திவிடும், வெடிப்பு மணிக்கணக்கில் தள்ளிப்போகும். ஏற்கெனவே பிடிபட்ட பாக்டீரியாவையே இன்னொரு பேஜ் தேடி வருகிறதென்றால் வெளியே பேஜ் அதிகம், இரை குறைவு என்று அர்த்தம். பஸ் ஸ்டாண்டுக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வதைப் போல, உள்ளேயே இருந்து இன்னும் பெருகுவதுதான் லாபம். நரம்பு ஒன்றுகூட இல்லாத ஜந்து இது!

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாக்டீரியா படர்ந்த அகார் (ஜெல்லி) தட்டில், பாக்டீரியா செத்த இடம் பொட்டாகத் தெரியும். சாதாரண டி4 போடும் பொட்டு சிறியது, ஓரம் கலங்கலாக இருக்கும். ஆர்ஐ பழுதான டி4 காத்திருக்காமல் வெடிப்பதால் பொட்டு பெரிதாக, ஓரம் வெட்டினாற்போல இருக்கும்.

சரி, கங்கைக்கு வருவோம். ஈ.கோலையைத் தாக்கும் பேஜ்களை எண்ணுவது, தண்ணீரில் மலம் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று. அதாவது நதியில் அது நிறைய இருந்தால் மேலே எங்கோ சாக்கடை திறந்திருக்கிறது என்று பொருள், புனிதத்துக்கு அது சான்றிதழ் இல்லை. அதோடு ஒவ்வொரு பேஜும் பெரும்பாலும் ஏதோ ஓரினத்தை மட்டும்தான் தொடும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸை எந்த பேஜும் சீண்டாது. ஜார்ஜியாவில், திபிலிசி நகரில், 1923இலேயே தொடங்கிய எலியாவா நிறுவனம் நோய்க்கிருமியைக் கொல்ல பேஜையே மருந்தாகக் கொடுக்கும் பேஜ் மருத்துவத்தை இன்றும் செய்கிறது. நதியின் மகிமையை நிரூபிக்க இங்கே காசு ஒதுக்குபவர்கள் அதில் பாதியை நம் ஆஸ்பத்திரிச் சாக்கடைகளில் பேஜ் தேடக் கொடுத்தால் நோயாளிகளுக்காவது பிரயோஜனப்படும்.