நிமோனியாவும் 'பவர்' மாத்திரையும்

மாத்திரையைத் தாங்களாகவே மாற்றிக்கொண்டு வந்தவர்களில், இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

62 வயதுக்காரர். சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுபவர். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா. மூச்சு அதிகம் வாங்கவில்லை, ஆக்சிஜன் அளவும் நன்றாக இருந்தது. வீட்டில் இருந்தே மருந்து சாப்பிடட்டும் என்று அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625, ஒரு நாளைக்கு 3 வேளை, 7 நாட்களுக்கு எழுதினேன். கூடவே முதல் 3 நாட்களுக்கு மட்டும் அசித்ரோமைசின்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் இருமல் விடவில்லை. நான்காம் நாள் காலை, "இந்த மாத்திரைக்குப் பவர் பத்தல" என்று வீட்டில் முடிவாகிவிட்டது. யாருக்கோ சிறுநீர்த் தொற்று வந்தபோது வாங்கி, மிச்சம் வைத்திருந்த லெவோஃப்ளாக்சசின் 750 கைக்குக் கிடைத்தது. 625-ஐ நிறுத்திவிட்டு 750-ஐக் கொடுத்தார்கள். மறுநாளும் ஒன்று. அன்று இரவு சட்டை நனைய வியர்த்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லியிருக்கிறார். நிமோனியா முற்றிவிட்டது என்று பயந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிமோனியா முற்றவில்லை. ரத்தத்தில் சர்க்கரைதான் அபாயகரமாக 38-க்கு இறங்கியிருந்தது.

லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் இப்படிச் செய்யக்கூடும் என்பது எங்களுக்குப் புதிதல்ல. அவருக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் மந்தம். அந்த மாத்திரையைக் கொடுப்பதாக இருந்தால் அளவைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதை யார் யோசித்தார்கள்? இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினோம்.

"மாத்திரை மாத்தினதுதான் காரணமா டாக்டர்?" என்று மகள் கேட்டார். "ஆமாம்மா" என்றேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாராக இருந்தாலும் மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் காலியான குழிகளை எண்ணுவது என் வழக்கம். வாயைவிட அட்டை சரியாகப் பேசும். இவருடைய அட்டையில் பத்துக்கு ஒன்பது காலி, பத்தாவது மாத்திரை அப்படியே இருந்தது. அடுத்த அட்டையைப் பிரிக்கவே இல்லை.

சரி, இந்த 'பவர்' விஷயத்துக்கு வருகிறேன். ஆன்டிபயாட்டிக்குகளில் பவர் கம்மி, பவர் ஜாஸ்தி என்று படிக்கட்டு எதுவும் இல்லை. 500, 625, 750 என்பதெல்லாம் மில்லிகிராம் எடை. ஒரு மருந்தின் எடையை வேறொரு மருந்தின் எடையோடு ஒப்பிட்டு எது பெரியது என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. அந்த 625-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அமாக்சிசிலின் 500, கிளாவுலனேட் 125. கிருமியைக் கொல்வது அமாக்சிசிலின். அதைச் சில கிருமிகள் சிதைத்துவிடாமல் காவல் காப்பதுதான் கிளாவுலனேட்டின் வேலை. 625 கிடைக்கவில்லை என்று 375 மாத்திரையில் இரண்டைப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 375 என்றால் 250-உம் 125-உம். இரண்டு போட்டால் அமாக்சிசிலின் கணக்கு சரியாகிவிடும், காவல்காரன் மட்டும் இரட்டிப்பாகிவிடுவான். அப்புறம் வயிற்றுப்போக்கு என்று வந்து நிற்பார்கள்.

பவர் என்று ஒன்று இருக்குமானால், அது கிருமியைப் பொறுத்து மாறுகிற பவர். பாக்டீரியாவால் வரும் நிமோனியாவுக்கு மிகச் சாதாரணமான காரணம் நிமோகாக்கஸ் என்ற கிருமி. அதற்கு எதிராக, அரை நூற்றாண்டுக்கும் மேல் பழைய அமாக்சிசிலின் இன்றைக்கும் நல்ல மருந்துதான். ஆனால் மைக்கோபிளாஸ்மா என்று இன்னொரு கிருமி இருக்கிறது. அமாக்சிசிலின் வேலை செய்வது பாக்டீரியாவின் செல்சுவர் மேல். மைக்கோபிளாஸ்மாவுக்குச் சுவரே கிடையாது! எத்தனை மில்லிகிராம் கொடுத்தாலும் அதற்கு உறைக்காது. அங்கே டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோதான் வேண்டும். வைரஸால் வந்த நிமோனியா என்றால் இந்த மாத்திரைகளில் எதுவுமே வேலைக்கு ஆகாது. சளி மஞ்சளா பச்சையா என்று பார்த்து இதையெல்லாம் சொல்லிவிட முடியாது. பரிசோதித்து, எக்ஸ்ரே பார்த்து, வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் எடுத்து எழுதுகிறோம். வீட்டில் கிடக்கும் மிச்ச மாத்திரைக்கு இதெல்லாம் தெரியாது.

'அப்படியானால் இருமல் ஏன் நிற்கவில்லை?' நியாயமான கேள்வி. வெள்ளம் வடிந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் போய்விட்டது, உள்ளே முழங்கால் அளவு சேறு கிடக்கிறது. ஆன்டிபயாட்டிக் வெள்ளத்தைத்தான் நிறுத்தும். செத்த கிருமியும் சீழும் சளியும் நுரையீரலின் காற்றறைகளில் தேங்கியிருக்கும். அதை உடம்புதான் வாரிக் கொட்ட வேண்டும். வாரிக் கொட்டும் வேலைக்குப் பெயர்தான் இருமல். அதை அளவுகோலாக வைத்து மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்காதீர்கள்.

பார்க்க வேண்டியது காய்ச்சலையும் மூச்சையும். மருந்து பொருந்தினால் பெரும்பாலானவர்களுக்கு 2, 3 நாட்களில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும், மூச்சு நிதானப்படும், பசி எட்டிப்பார்க்கும். இருமல் அடங்க 6 வாரம்கூட ஆகலாம். அசதி 3 மாதம்வரை இழுப்பதும் உண்டு. ஐந்தாம் நாளே தாங்களாகப் போய் எக்ஸ்ரே எடுத்து, "வெள்ளை அப்படியே இருக்கே" என்று படத்தை நீட்டுகிறார்கள். இருக்கத்தான் செய்யும். ஆள் தேறிய பிறகும் படம் தேற வாரக்கணக்கில் ஆகும். வயதானவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இன்னும் தாமதம்.

72 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் அப்படியே அடித்தால் கதை வேறு. அப்போது நீங்கள் மருந்தை மாற்றாதீர்கள், எங்களிடம் வாருங்கள். கிருமி வேறாக இருக்கலாம், நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்திருக்கலாம், காசநோயாகக்கூட இருக்கலாம். காசநோய் என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். லெவோஃப்ளாக்சசின் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். காசநோயை நிமோனியா என்று நினைத்து இதை ஒரு வாரம் விழுங்கினால் காய்ச்சல் குறையும், எல்லோரும் நிம்மதியாவார்கள், நோய் உள்ளேயே இருக்கும். சில வாரம் கழித்து வரும்போது கண்டுபிடிப்பது தாமதமாகியிருக்கும், அந்த மருந்துக்கு அசையாத கிருமியும் உருவாகியிருக்கலாம். நெஞ்சு மருத்துவர்கள் இந்த மாத்திரையைப் பார்த்துப் பார்த்து எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். தசைநாண் அறுவது போன்ற மற்ற தொல்லைகள் தனி.

இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தி, அடுத்தவருக்கு ஆகும் என்று டப்பாவில் போட்டுவைப்பவர்கள். அந்த லெவோஃப்ளாக்சசின் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? படிக்கிற காலத்தில் நாங்களே 10 நாள், 14 நாள் என்று எழுதியவர்கள்தான். இப்போது நன்றாகத் தேறிவரும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 5 முதல் 7 நாள் போதும் என்று தெரிந்துவிட்டது. குறைந்தபட்சம் 5 நாள். அசித்ரோமைசின் 3 நாளில் முடிவதைப் பார்த்து மற்றதையும் 3 நாளில் முடித்துக்கொள்ளாதீர்கள். அது நிறுத்திய பிறகும் பல நாள் உடம்பில் தங்குகிற மருந்து, மற்றவை அப்படியில்லை. எத்தனை நாள் என்பது சீட்டில் இருக்கிறது. குறைக்கலாமா என்று சந்தேகம் வந்தால் ஒரு போன் செய்யுங்கள்.

மற்றபடி, வேளை தவறாதீர்கள். 3 வேளை என்றால் ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு வேளை மறந்துபோனால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள். அமாக்சிசிலின்-கிளாவுலனேட்டைச் சாப்பாடு ஆரம்பிக்கும்போது போட்டுக்கொண்டால் வயிறு தாங்கும். டாக்சிசைக்ளின் என்றால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்கக் கூடாது. ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்து, உணவுக்குழாயில் புண்ணோடு வந்தவர்களுக்கு எண்டோஸ்கோபி பார்க்க வேண்டியிருந்தது. டாக்சிசைக்ளினையோ லெவோஃப்ளாக்சசினையோ சாப்பிடும் நேரத்தில் கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளையும் நெஞ்செரிச்சலுக்கான ஆன்டாசிடையும் சேர்க்காதீர்கள். மருந்தை அவை பிடித்து வைத்துக்கொள்ளும்.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபாரின் எடுப்பவர்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நாங்கள் கேட்க மறப்பதும் உண்டு. பென்சிலின் ஒவ்வாது என்றால் அப்போது என்ன ஆனது என்றும் சொல்லுங்கள். வயிற்றைப் புரட்டியது ஒவ்வாமை ஆகாது. உடம்பெல்லாம் தடித்ததும், முகம் வீங்கியதும், மூச்சு முட்டியதும் ஒவ்வாமை. மருந்து சாப்பிடும்போதோ நிறுத்திச் சில வாரத்துக்குள்ளோ தண்ணீராகப் பேதி விடாமல் போனால், பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கி அடக்காமல் வந்து காட்டுங்கள்.

என் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். 'காய்ச்சல் விட்டாலும் இருமல் இருக்கும், பயப்படாதீர்கள்' என்று முதல் நாளே அந்த மாப்பிள்ளையிடம் ஒரு வரி சொல்லியிருந்தால் டப்பாவைத் திறந்திருக்கமாட்டார். அன்றைக்கு வெளியே கூட்டம். இப்போது அந்த வரியைச் சீட்டிலேயே எழுதிவிடுகிறேன்.

உடனே கிளம்பி வர வேண்டியது எப்போது? பெரியவர்களுக்கு மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தொட்டால், ஆக்சிஜன் 92-க்குக் கீழே போனால், உதடு நீலம் பாய்ந்தால், பேச்சு குழறினால். ஒரு வயதிலிருந்து 5 வயதுவரையான குழந்தைக்கு 40 மூச்சே அதிகம். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, அதற்கும் சின்னக் குழந்தைக்கு 60. குழந்தை அழாதபோது, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். வயதானவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் வெறும் குழப்பம் மட்டும் வரலாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் உளறினால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள். குறைவாக இருந்து, விழுங்கும் அளவுக்கு நினைவும் இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அட்டையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.