உடும்பின் வயிற்றில் இருபத்திரண்டு முட்டைகள்

மேஜை மேல் வைத்த சாக்குப் பை அசைந்துகொண்டிருந்தது. வனத்துறையினர் இரவு ரோந்தில் ஒரு பைக்கை மடக்கியதில் சிக்கியவை மூன்று உடும்புகள். முன்னங்கால்களை முதுகின் மேல் மடக்கி நைலான் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள். கயிறு தோலை அறுத்துச் சதைக்குள் இறங்கியிருந்தது. இரண்டுக்கு உயிர் இருந்தது. மூன்றாவதைப் பிரேதப் பரிசோதனை செய்து சான்றிதழ் எழுதித் தருவது கால்நடை மருத்துவனாகிய என் வேலை. வயிற்றைத் திறந்தேன். உள்ளே தோல் போன்ற ஓட்டுடன் வெள்ளை வெளேரென்று இருபத்திரண்டு முட்டைகள்.

எனக்குப் பெரும்பாணாற்றுப்படை நினைவுக்கு வந்தது. எயினர் என்னும் வேட்டுவர் குடியிருப்பில் பாணனுக்கு என்ன விருந்து கிடைக்கும் என்று சொல்லும் இடத்தில், நாய் பிடித்து வந்த ‘மனவுச் சூல் உடும்பின்’ பொரியலும் வருகிறது. சங்குமணி போன்ற முட்டைகளைச் சுமக்கும் உடும்பு என்று பொருள். உடும்புக் கறியைக் குறை சொன்னால் உடனே வரும் பதில், "நம் முன்னோர் சாப்பிட்டதுதானே?" என்பது. சாப்பிட்டார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்த எயினர் வேட்டையில் அகப்பட்டதைக் கொண்டு வயிற்றைக் கழுவியவர்கள். வந்தவனுக்கும் பங்கு கொடுத்தவர்கள். இன்று முன்பணம் கொடுத்துவிட்டு, நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்திக் காத்திருப்பவர் வீட்டில் குளிர்பதனப்பெட்டி நிறையக் கோழி இருக்கிறது.

நான் சைவம் அல்ல. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக்கு வரிசையில் நிற்பவன்தான். அதனால் உயிரைக் கொல்லலாமா என்ற பழைய வழக்குக்குள் இங்கே போகப்போவதில்லை. வெள்ளாடு ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டி போடும், அதை வளர்க்க ஆள் இருக்கிறது, அறுக்குமுன் நோய் இருக்கிறதா என்று பார்க்கவும் வழி இருக்கிறது. உடும்புக்கு இதில் எதுவும் இல்லை. முட்டையை மண்ணிலோ கரையான் புற்றிலோ புதைத்துவிட்டுப் போய்விடும். பொரியப் பல மாதங்கள் ஆகும். பொரிந்த குஞ்சு கழுகுக்கும் நாய்க்கும் தப்பி இனம் பெருக்கும் வயதை எட்டச் சுமார் மூன்று ஆண்டுகள். வயலில் வண்டையும் நத்தையையும் எலியையும் தின்று அது செய்யும் வேலைக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

அடுத்தது மருந்து. மூலம், ஆஸ்துமா, இடுப்புவலி, ஆண்மை என்று உடும்பின் தலையில் ஏற்றிய நோய்கள் ஏராளம். சிலர் கழுத்தை அறுத்துச் சூடான இரத்தத்தை அப்படியே குடிக்கிறார்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா சர்வசாதாரணமாக இருக்கும். அறுக்கும் கத்தியிலும் கையிலும் அது ஒட்டாமல் இருக்காது. சதையில் இருப்பது புரதம். அதற்கு இரண்டு கோழிமுட்டை போதும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், அறுப்பவர்களுக்கே இது தெரிவதில்லை. ஊர்வனவற்றின் மூளை ஆக்சிஜன் இல்லாமல் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். தலையைத் துண்டித்த பிறகும் சிறிது நேரம் அந்தத் தலைக்கு உணர்வு இருக்கலாம். நாங்கள் ஊர்வன ஒன்றைக் கருணைக்கொலை செய்ய நேர்ந்தால், தலையைத் துண்டிப்பதோடு நிறுத்தாமல் மூளையையும் அழிப்பது அதனால்தான். வலிமைக்காக உடும்பு இரத்தம் குடிக்கும் வீரர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

கடற்கரையில் இதே கதை ஆமையிடம் நடந்தது. தூத்துக்குடிப் பக்கம் ஆமை இரத்தம் மூலத்துக்கு மருந்தாக விற்ற காலம் உண்டு. அழுங்காமை என்னும் கடலாமையின் கறி சில சமயம் விஷமாகும். எவ்வளவு வேகவைத்தாலும் அந்த விஷம் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. தின்ற தாயின் பாலைக் குடித்துக் கைக்குழந்தைகள் இறந்ததும் மருத்துவப் பதிவுகளில் உள்ளது.

1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பின் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. குழம்பாக்கிவிட்டால் அடையாளம் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு: வெந்த துண்டிலிருந்தும் மரபணுவைப் பிரித்து இனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். உடும்புத் தோல் போர்த்திய கஞ்சிரா என்ற தாளக்கருவிக்கே இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்துவிட்டன. நாக்குதான் மாற மறுக்கிறது.

என்னை உறுத்துவது வேறு. அன்று பைக்கில் வந்து மாட்டியவன் இருபது வயதுப் பையன். "உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்ற பழமொழியைப் போலவே, அவற்றைக் காட்டில் விட்டுவிடுகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினான். அவனிடம் சொல்லிவைத்து வாங்குகிறவர் யார் என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை. சிறைக்குப் போவது பிடிப்பவன், வீட்டில் விருந்து வைப்பவர் இன்னொருவர். பிடிக்கிற திறமைக்கு வேறு வேலை கொடுக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது: 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நம் ஊர்ப் பாம்புக்கடி மருந்துக்குப் பெரும்பாலும் அந்த நஞ்சுதான் மூலப்பொருள். தின்பவரை மாற்றத்தான் எந்தச் சங்கமும் இல்லை.

உயிரோடிருந்த இரண்டில் ஒன்று மூன்றாம் நாள் இறந்தது. மற்றொன்றைக் காயம் ஆறியபின் கொண்டுபோய் விட்டோம். சாக்கைத் தலைகீழாகக் கவிழ்த்தும் விழவில்லை. நகங்களால் சணலைப் பற்றிக்கொண்டு தொங்கியது. காவலர் ஒருவர் பொறுமையாக விரல் விரலாக விடுவித்தார்.

அந்த வாரமே சினைமாட்டை ஓட்டிவந்த ஒரு விவசாயி, குரலைத் தாழ்த்தி, "சார், உடும்புக் கறி இடுப்புவலிக்குக் கேட்குமா?" என்றார். அவர் தினமும் பதினாறு லிட்டர் பூச்சிமருந்து டேங்க்கை முதுகில் சுமப்பவர். கேட்காது, எலும்பு மருத்துவரைப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரி, காடை?"

"காட்டில் பிடித்தது என்றால் அதுவும் குற்றம். பண்ணைக் காடை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள்."

"அது இடுப்புவலிக்குக் கேட்குமா சார்?"