கன்சோலில் குப்பை எழுத்து வந்தால் போர்டு போய்விட்டது என்று அர்த்தமில்லை

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பக்கத்துக் கூழ் ஆலைகளில் நெட் நின்றால் எப்படிப் பதறுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இந்த முறை ஓர் ஆலையிலிருந்து, "சார், ரூட்டர் போர்டு போயிடுச்சு, வோல்டேஜ் ஏறியிருக்கும், புதுசுக்கு கொட்டேஷன் கொடுங்க" என்று அழைப்பு. ரூட்டரின் கன்சோல் துளைக்கும் (நேரடியாகக் கட்டளை தட்டும் வழி) லேப்டாப்புக்கும் இடையே கேபிள் மாட்டியதும், புட்டி (PuTTY) என்ற டெர்மினல் சாஃப்ட்வேரின் திரையில் கேள்விக்குறியும் கட்டமுமாகக் கொட்டியதாம். போர்டு போனதற்கு அதுதான் ஆதாரம்! புட்டியில் ஸ்பீடை, அதாவது நொடிக்கு எத்தனை பிட் என்பதை, 115200 என்று மாற்றி என்டர் தட்டினேன், பாஸ்வேர்ட் கேட்டது. யாரோ ஒரு இன்டர்ஃபேஸை (ரூட்டரின் இணைப்பு போர்ட்) ஷட்டவுனில் விட்டதால்தான் நெட் நின்றிருந்தது. ஓசூரிலும் தருமபுரியிலும் இதே கதையைப் பார்த்து அலுத்துவிட்டது.

குப்பை எழுத்து வருகிறதென்றால் பெட்டி உயிரோடு இருக்கிறது. செத்த போர்டு எதையும் அனுப்பாது. 9600-இல் ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 104 மைக்ரோ நொடி, 115200-இல் 9 கூட ஆகாது. ரூட்டர் வேகமாகப் பேச, லேப்டாப் மெதுவாகக் கேட்டால், ஒரு பிட் என்று எண்ணும் நேரத்துக்குள் பன்னிரண்டு பிட் ஓடிவிடும். அப்புறம் எழுத்து எப்படி எழுத்தாக வரும்? இதற்கு வோல்டேஜும் காரணமில்லை, இடியும் காரணமில்லை. பூட் ஆகும்போது முதல் வரிகள் தெளிவாக வந்து பிறகு குப்பையானால் இன்னும் நல்லது: பெட்டியை முதலில் எழுப்பும் பூட்லோடருக்கு ஒரு ஸ்பீடு, உள்ளே ஓடும் சாஃப்ட்வேருக்கு வேறு ஸ்பீடு, அவ்வளவுதான்.

சிஸ்கோ ரூட்டர் என்றால் முதலில் 9600, மைக்ரோடிக் ரூட்டர்போர்டு என்றால் 115200 போட்டுப் பாருங்கள். புட்டியில் மற்ற அமைப்புகள்: எட்டு டேட்டா பிட், பாரிட்டி கிடையாது, ஒரு ஸ்டாப் பிட். எழுத்து நன்றாக வருகிறது, ஆனால் தட்டினால் போகவில்லையா? கீபோர்டைத் திட்டாதீர்கள், புட்டியில் ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' (None) ஆக்குங்கள். கன்சோல் துளை லேன் துளை மாதிரியே இருக்கிறதே என்று சாதாரண லேன் கேபிளை லேப்டாப்பின் லேன் போர்ட்டில் செருகிவிட்டு எனக்கு போன் செய்பவர்களும் உண்டு. அதற்குத்தான் அந்த வெளிர்நீல ரோல்ஓவர் கேபிளைப் பெட்டியோடு கொடுத்தார்கள். அதைத் தூக்கி எறிந்தது யார்?

ஸ்பீடை மாற்றத்தான் வேண்டுமா என்று ஒரு முறை யோசியுங்கள். தினசரி வேலைக்கு 9600 தாராளம். கன்சோல் வழியாகவே பெரிய ஃபைல் ஏற்றுபவருக்குத்தான் வேகம் வேண்டும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாக ரூட்டருக்குள் நுழையும் முறை) வழியாக உள்ளே போய் மாற்றுங்கள்: சிஸ்கோவில் கான்ஃபிகர் டெர்மினல், லைன் கன்சோல் 0, ஸ்பீடு 115200. கன்சோலில் உட்கார்ந்துகொண்டே மாற்றினால் என்டர் தட்டிய நொடியே திரை குப்பையாகும். அதுதான் சரி! பதறிப் பவரைப் பிடுங்க வேண்டாம். புட்டியிலும் புது ஸ்பீடு வைத்துத் திரும்ப இணைந்து, மாற்றத்தைச் சேமிக்க ரைட் மெமரி கொடுங்கள். சும்மா விட்டாலும் கன்சோல் தானாக வெளியேறாதபடி 'எக்ஸெக் டைம்அவுட் 0 0' போட்டுவிட்டுக் கிளம்பும் பழக்கத்தையும் விடுங்கள். அடுத்து கேபிள் மாட்டுபவருக்குப் பாஸ்வேர்டே தேவைப்படாது.

கை எடுத்துக் கும்பிடுகிறேன், ஸ்பீடை மாற்றினால் பெட்டியின் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, மார்க்கரில் 'கன்சோல் 115200' என்றும் தேதியும் எழுதுங்கள். ரேக் கதவில் வேண்டாம், பெட்டியிலேயே ஒட்டுங்கள். பெட்டி வேறு ரேக்குக்குப் போகும்.